வேட்பாளரின் மருத்துவ வாக்குறுதியும் மளிகைக் கடைக்காரரும்

தேர்தல் வந்துவிட்டால் கடைவீதிக்கு வராத வேட்பாளர் இல்லை. கல்லாவுக்கு எதிரே நின்று கும்பிட்டு, வரியைப் பற்றி நாலு வார்த்தை, சாலையைப் பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டு, "எல்லோருக்கும் இலவச மருத்துவம்" என்று முடிப்பார்கள். நாமும் தலையாட்டி அனுப்பிவிடுகிறோம். அந்த "எல்லோருக்கும்" என்பதில் வணிகர் சேர்த்தியா என்று கேட்பதில்லை.

2024 நாடாளுமன்றத் தேர்தலையே எடுத்துக்கொள்வோம். ஏப்ரல் 5இல் வெளியான காங்கிரஸ் அறிக்கை, ராஜஸ்தான் முறையில் 25 லட்சம் ரூபாய் வரை காப்பீடு என்றது. ஏப்ரல் 14இல் வந்த பா.ஜ.க. அறிக்கை, ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் 5 லட்சம் ரூபாய்க் காப்பீட்டை 70 வயதான அனைவருக்கும் தருவோம் என்றது. தொகையை விட நாம் கவனிக்க வேண்டியது வேறு. இரண்டாவதில் 70 வயதானவர்களுக்கு வருமான வரம்பே கிடையாது. 2024 அக்டோபர் 29இல் அது தொடங்கியும் வைக்கப்பட்டது.

வரம்புதான் நமக்கு முட்டுக்கட்டை. தமிழ்நாட்டில் 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. ஆட்சி மாறியபின் 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. பெயர் மாறியதே தவிர, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்குள் என்ற நிபந்தனை மாறவில்லை. 2022இல்தான் அது 1,20,000 ஆயிற்று. வகுத்துப் பார்த்தால் நாளொன்றுக்கு 330 ரூபாய் கூட வராது. சுமாராக ஓடும் மளிகைக் கடையே இதைத் தாண்டிவிடும். ஆனால் இருதய ஆபரேஷன் என்றால் அந்தக் கடையின் முதலே கரைந்துவிடும். அரசு ஊழியருக்குத் தனிக் காப்பீடு உண்டு, பெரிய கடைச் சிப்பந்திக்கு இ.எஸ்.ஐ. உண்டு. முதலாளி என்ற பேரோடு கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்குச் சொந்தக் காசில் எடுக்கும் பாலிசிதான் கதி. தனிநபர், குடும்பப் பாலிசிகளுக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டது. சங்கம் சேர்ந்து எடுக்கும் குழுப் பாலிசிக்கு அந்த விலக்கு இல்லை என்பதையும் குறித்துக்கொள்க.

இனி, காப்பீடு ஒன்றே போதுமா என்று பார்ப்போம். கொல்லிமலையில் திருப்புலி நாட்டுக் கடைகளுக்கு நாம் சரக்கு அனுப்புகிறோம். அங்குள்ள கடைக்காரர் அரிசியும் எண்ணெயும் கடனுக்குக் கொடுத்து, காப்பி, மிளகு அறுவடையில் வரவு வைத்துக்கொள்பவர். ஒரு வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் அந்தப் பற்று அப்படியே நின்றுவிடும். செம்மேட்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது. அதற்கு மேல் போனால் காரவள்ளிச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போக வேண்டும். அதுவும் 2022இல் வந்ததுதான். காப்பீட்டு அட்டை ஆபரேஷன் செலவைக் கட்டும். துணைக்கு இருப்பவரின் சாப்பாட்டையும் இழந்த கூலியையும் கட்டாது. மலைக்கு மேலேயே டாக்டரும் மருந்தும் இருந்தால் பாதிப் பேர் இறங்கவே வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் வீட்டிலேயே மாத்திரை கொடுக்க ஏற்பட்டது. மலைக்கு உகந்தது இந்த வகைதான் என்பது நமது அபிப்பிராயம்.

மொத்த வியாபாரிக்கு நன்றாக விளங்கும் சீர்திருத்தம் இன்னொன்று உண்டு. 1994இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகளுக்கு வேண்டிய மருந்துகளை டெண்டர் விட்டு மொத்தமாகக் கொள்முதல் செய்கிறது. கம்பெனிப் பெயரில் வாங்காமல் மருந்தின் பெயரில் வாங்குகிறது. தரம் சோதித்து, கிடங்கில் வைத்து, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் பாஸ்புக் போட்டு, அதில் உள்ள தொகைக்குச் சரக்கு கொடுக்கிறது. மண்டிக்காரர் செய்யும் காரியமேதான்! பின்னர் வேறு மாநிலங்களும் இதைப் பார்த்துப் பின்பற்றின. மேடையில் இதைச் சொல்லி ஓட்டுக் கேட்டவரை நாம் கண்டதில்லை.

ஆகவே சேந்தமங்கலம் தொகுதியில் எந்தக் கட்சிக்காரர் வந்தாலும், துண்டறிக்கையை வாங்கிக்கொண்டு இரண்டு வார்த்தை கேளுங்கள்: வரம்பை எவ்வளவு உயர்த்துவீர்கள்? இரவு பத்து மணிக்குப் பிரசவ வலி எடுத்தால் செம்மேட்டில் யார் இருப்பார்?