நான்கு பேட்ச்களும் ஒரு குழாயும்

இரவில் நான்கு பேட்ச் ஃபைல்களைச் சேர்ந்தாற்போல ஓடவிட்டு, நான்கும் முடிந்த பிறகே அறிக்கை தயாரிக்க வேண்டும். விண்டோஸில் அதற்கு வழியுண்டா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். கேள்வி சின்னது. பதில்தான் சுற்றுவழி.

யூனிக்ஸ்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை. கட்டளையின் வாலில் '&' போட்டால் வேலை பின்னணிக்குப் போய்விடும். 1979இல் வந்த பார்ன் ஷெல்லிலேயே 'வெயிட்' உண்டு. கிளப்பிவிட்ட வேலைகள் எல்லாம் முடியும்வரை அது நகராது. பேட்ச் ஃபைலின் பூர்விகமோ எம்எஸ்-டாஸ். அங்கே ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் என்பதால் காத்திருக்கும் பேச்சே எழவில்லை. பிறகு விண்டோஸில் 'ஸ்டார்ட்' வந்து பல வேலைகளைக் கிளப்பிவிட்டது. அதனுடன் '/வெயிட்' சேர்த்தால் காத்திருக்கும்தான், ஆனால் ஒன்று முடிந்த பிறகே அடுத்தது கிளம்பும். அப்புறம் இணையாக ஓடுவது எங்கே?

ஆகவே பல அலுவலகங்களில் 'டைம்அவுட்' போட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று பத்து நிமிடம் தள்ளிவைக்கிறார்கள். மாதக் கடைசியில் கோப்பு பெருத்தால் பத்து நிமிடம் போதாது. பாதி வெந்த அறிக்கை மேலதிகாரியின் மேசைக்குப் போகும். இது காத்திருத்தல் அல்ல, ஜோசியம்.

ஒரு விநோத வழி இருக்கிறது. பேட்ச் முடிந்ததும் அதன் ஜன்னலும் மூடும்படி ஒவ்வொரு 'ஸ்டார்ட்' கட்டளையிலும் 'cmd /c' சேர்த்து, நான்கையும் ஓர் அடைப்புக்குறிக்குள் போட்டு, வெளியே '|' என்ற பைப் (குழாய்) குறியிட்டு, அதன் மறுபக்கம் 'பாஸ்' (pause) என்று எழுதினால் போதும். கிளம்பும் ஒவ்வொரு பேட்சும் அந்தக் குழாயின் எழுதுமுனையைப் பரம்பரைச் சொத்துபோலக் கையோடு கொண்டுபோகிறது. அதில் ஓர் எழுத்துகூட எழுத வேண்டியதில்லை, பிடித்திருந்தாலே போதும். கடைசி ஆளும் பிடியை விட்டால்தான் குழாய் மூடும்; மூடினால்தான் மறுபக்கம் 'பாஸ்' விழிக்கும். அதுவரை அது தூக்கம்தான், பிராசஸருக்குச் சுமையில்லை. காத்திருப்பதற்கென்று யாரும் செய்யாத ஒரு குழாய், காத்திருப்பதை இவ்வளவு ஒழுங்காகச் செய்கிறது!

ஆனால் குழாய்க்கு 'முடிந்தது' மட்டுமே தெரியும். 'உருப்படியாக முடிந்ததா' தெரியாது. யூனிக்ஸும் இதில் யோக்கியமில்லை. பாஷ் ஷெல்லில் வெறும் 'வெயிட்' போட்டால், எத்தனை வேலை தோற்றிருந்தாலும் வெற்றியின் அடையாளமான 0 வரும். ஒவ்வொரு வேலையின் எண்ணையும் குறித்துவைத்துத் தனித்தனியாக 'வெயிட்' கேட்டால்தான் குட்டு வெளிப்படும். அந்தச் சிரமத்தை எடுப்பவர்கள் குறைவு. கேள்வி கேட்ட வாசகர், ஒவ்வொரு பேட்சும் முடியும்போது வெற்றி-தோல்வியைச் சொல்லும் தன் 'எரர்லெவல்' எண்ணைத் தனித்தனிக் கோப்பில் எழுதும்படி செய்யலாம். 'பாஸ்' விழித்ததும் முதன்மை பேட்ச் அந்த நான்கையும் படித்து, நான்கிலும் 0 இருந்தால் மட்டும் அறிக்கையைத் தொடங்கட்டும்.