பெரட்டுக்குப் போகாத காலை



ஓய்வு என்றதும் நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "சேமநிதியில எவ்வளவு இருக்கு?" என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதற்கடுத்த கேள்வியை யாரும் கேட்பதில்லை. வேலை நின்ற மறுநாளும் நாலரை மணிக்குக் கண் விழித்துக் கொள்ளுமே, அப்போது என்ன செய்வது?

முப்பது, நாற்பது வருஷம் பெரட்டுக்கு எழுந்த உடம்பு ஒரு கடிதத்தைப் பார்த்து மாறிவிடாது. பால் வெட்டியவர் நிரை நிரையாக நடந்தவர். செம்பனைக் குலை அறுத்தவர் கழுத்தும் தோளும் இற்றுப்போக உழைத்தவர். அந்தக் கால்கள் திடீரென்று நாற்காலியில் ஓய்ந்து விடுகின்றன. சாப்பாடு மட்டும் பழைய கணக்குத்தான். அதே குவியல் சோறு, அதே சீனித் தேநீர். சாப்பிட்டபின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பகுதியை வாங்கிக் கொள்வது தசைகள். தசைக்கு வேலை குறைந்தால் சர்க்கரை இரத்தத்திலேயே தங்கும். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களிடையே மற்றவர்களை விட அதிகம். ஆகவே வேலை நின்றாலும் நடை நிற்கக்கூடாது. வாரத்துக்கு 150 நிமிடமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தினம் அரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள். நம்மவர்களுக்கு இது ஒரு வேலையா?

மனசின் கதை வேறு. தோட்டத்தில் ஆளுக்குப் பெயரே வேலையை ஒட்டித்தான் வரும்: ஆயா, மண்டோர், லோரி டிரைவர். வேலை போனால் பெயரும் போன மாதிரி இருக்கிறது. சிலர் மத்தியானமே சம்சு பக்கம் ஒதுங்குகிறார்கள். அந்தக் கதை எல்லார் வீட்டுக்கும் தெரியும், விரித்து எழுத வேண்டியதில்லை.

பிறை வட்டாரத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. தோட்ட வீடு வேலையோடு ஒட்டியது. வேலை முடிந்தால் வீட்டையும் விட வேண்டும் என்பதே பல தோட்டங்களில் நிலை. 1970-களிலிருந்து இங்கே தொழிற்பேட்டை வளர வளர, சுற்று வட்டாரத் தோட்டங்கள் ஒதுங்கின. நம் குடும்பங்கள் பல அடுக்குமாடிக்குப் போய்விட்டன. லயத்து வாசலில் உட்கார்ந்தால் போகிற வருகிற பத்துப் பேர் பேசுவார்கள். மாடியில் கதவைச் சாத்தினால் யார் இருக்கிறார்கள்? லிப்ட் கெட்டுப் போனால் முட்டி வலிக்காரர் இறங்கவே யோசிக்கிறார். வீட்டைப் பற்றி ஐம்பது வயதிலேயே பேசுங்கள், முடிந்தால் கீழ்த்தளமாகப் பாருங்கள். பேசும்போது வீட்டுக்காரம்மாவையும் உட்கார வையுங்கள். அவருக்கு அடுப்படியில் ஓய்வு வயது என்று எந்தச் சட்டமும் எழுதப்படவில்லை.

பணத்தைப் பற்றி இரண்டே வார்த்தை. 2013 ஜூலை 1 முதல் தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. சேமநிதியை 55-இல் எடுக்கலாம், ஆனால் மொத்தமாக எடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. வேண்டியதை மட்டும் எடுக்கலாம், மாதாமாதமும் வாங்கலாம். விட்டு வைத்த பணத்துக்கு 100 வயது வரை லாப ஈவு உண்டு. "எல்லாத்தையும் எடுத்துக் கொடுங்கப்பா" என்று பிள்ளைகள் அவசரப்படுத்தினால் இதைச் சொல்லுங்கள்.

இனி நமக்கென்று ஏதாவது கற்றுக்கொள்வது பற்றி. "இந்த வயசுல என்னத்தைப் படிக்கிறது?" என்பவர்களுக்குக் கேரளத்துக் கார்த்தியாயினி அம்மாவைக் காட்டுகிறேன். ஆலப்புழை மாவட்டத்துக்காரர். கூட்டிப் பெருக்கிப் பிழைத்தவர், பள்ளிக்கூடம் போனதில்லை. 2018-இல், தமது 96-ஆவது வயதில், எழுத்தறிவுத் தேர்வு எழுதி நூற்றுக்கு 98 வாங்கி மாநிலத்தில் முதலாவதாக வந்தார். அடுத்து கம்ப்யூட்டர் கற்க வேண்டும் என்றார்! 2020-இல் இந்திய அரசு அவருக்கு 'நாரி சக்தி' விருது வழங்கியது. 2023-இல் 101 வயதில் காலமானார்.

பிரான்சில் துலூஸ் நகரில் 1973-இல் முதியவர்களுக்கென்றே 'மூன்றாம் வயதுப் பல்கலைக்கழகம்' தொடங்கினார்கள். நம் நாட்டில் செர்டாங் புத்ரா பல்கலைக்கழகம் அதே வழியில் வகுப்பு நடத்தியது. செர்டாங் தூரம்தான். நமக்குப் பக்கத்திலேயே பாடம் கிடக்கிறது. சேமநிதிக் கடிதத்தைப் பிறர் துணையில்லாமல் படிப்பது, ஏ.டி.எம்.மில் தானே பணம் எடுப்பது, பேரனோடு கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசுவது. பின் நம்பரைப் பிறரிடம் கொடுத்து ஏமாந்தவர்கள் நம்மில் குறைவா?

கற்பது மட்டுமல்ல, கற்றுக் கொடுக்கவும் நம்மிடம் சரக்கு இருக்கிறது. உறுமி, தப்பு அடிக்கத் தெரிந்தவர், கும்மிப் பாட்டுத் தெரிந்த பாட்டி, எந்தக் கீரை எதற்கு ஆகும் என்று சொல்லும் அம்மா, இவர்களைத் தமிழ்ப்பள்ளியும் கோயில் இளைஞர்களும் தேடிப் போக வேண்டும். தேடி வராவிட்டால் நாமே போய் நிற்கலாம், அதில் என்ன வெட்கம்?

இதற்கு மருத்துவக் காரணமும் உண்டு. மறதி நோய்க்கு வழிவிடும் 14 காரணங்களை 'லான்செட்' மருத்துவக் குழு 2024-இல் பட்டியலிட்டது. தனிமை, உடலசைவுக் குறைவு, இனிப்புநீர், இரத்தக் கொதிப்பு, பார்வைக் குறைவு, காது மந்தம் எல்லாம் அதில் உண்டு. காதை நம்மவர்கள் கவனிப்பதே இல்லை. ஆலைச் சத்தத்தில் வருஷக் கணக்கில் நின்றவர்கள், "கிழவருக்குக் காது கேக்காது" என்ற கேலிக்குப் பயந்து பேச்சிலிருந்தே விலகிக் கொள்கிறார்கள். வெட்கப்படாமல் கிளினிக்கில் காதைச் சோதியுங்கள்.

2019-இல் தொடங்கிய 'பெக்கா பி40' திட்டத்தில், எஸ்.டி.ஆர். உதவி பெறும் 40 வயதைத் தாண்டியவருக்கும் அவர் துணைவருக்கும் இரத்தப் பரிசோதனை உட்பட உடல் பரிசோதனை இலவசம். அடையாள அட்டையோடு திட்டத்தில் சேர்ந்த கிளினிக்குக்குப் போங்கள். கணவன் மனைவி இருவரும் ஒரே நாளில் போவது நல்லது. தனியாக அனுப்பினால் பாதி ஆண்கள் ஒட்டுக்கடையோடு திரும்பி விடுகிறார்கள்.