வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகள்: சட்டம் என்ன சொல்கிறது? கையில் என்னென்ன ஆவணங்கள் இருக்க வேண்டும்?

"ஏம்மா, பாப்பா எந்த ஸ்கூல்ல படிக்குது?"

"ஸ்கூல்ல சேர்க்கல டீச்சர். நாங்களே வீட்டுல சொல்லிக் கொடுக்கிறோம்."

"அப்படியா... இதை நான் எதுல எழுதுறது?"

பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்காக வீடு வீடாகச் செல்லும் ஆசிரியர்களுக்கும் ஆசிரியர் பயிற்றுநர்களுக்கும் இப்படியொரு பதில் கிடைத்தால் திகைப்புதான் மிஞ்சும். அரசுக் கணக்கில் 'பள்ளி செல்லும் குழந்தை', 'பள்ளி செல்லாக் குழந்தை' என இரண்டு வகைதான் உண்டு. வீட்டில் முறையாகப் படிக்கும் பிள்ளையும், செங்கல் சூளையில் வேலை பார்க்கும் பிள்ளையும் இந்தக் கணக்கில் ஒரே பக்கம்தான்.

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கும் குடும்பங்கள் தமிழ்நாட்டிலும் உண்டு. பள்ளிச் சூழல் ஒத்துவராத பிள்ளை, விளையாட்டிலோ இசையிலோ முழுநேரமாக இறங்கிய பிள்ளை, அடிக்கடி ஊர் மாறும் வேலை என்று காரணங்கள் பல. எல்லோருக்கும் பொதுவான கேள்வி ஒன்றுதான்: இது சட்டப்படி சரியா? நாளைக்குப் பிள்ளையிடம் சான்றிதழ் கேட்டால் என்ன செய்வது?

சட்டம் என்ன சொல்கிறது?

2002-ல் செய்யப்பட்ட 86-வது அரசியல் சட்டத் திருத்தம், 6 முதல் 14 வயது வரையிலான கல்வியை அடிப்படை உரிமை ஆக்கியது. அதைச் செயல்படுத்த வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதன் 10-வது பிரிவு, பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது ஒவ்வொரு பெற்றோரின் கடமை என்கிறது. ஆனால், சேர்க்காத பெற்றோருக்கு அபராதமோ சிறையோ இந்தச் சட்டத்தில் இல்லை. 'வீட்டுக் கல்வி' என்ற ஏற்பாட்டைப் பொதுவாக அனுமதிக்கும் பிரிவும் இல்லை. தடை செய்யும் பிரிவும் இல்லை.

இந்தக் குழப்பம் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. டெல்லி உயர் நீதிமன்றத்தில் நடந்த ஒரு வழக்கில், வீட்டுக் கல்வியை விரும்பித் தேர்ந்தெடுக்கும் பெற்றோர் அதைத் தொடரலாம், சட்டம் குறுக்கே நிற்காது என்று 2012-ல் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. சில மாதங்களிலேயே அந்த நிலைப்பாட்டிலிருந்து பின்வாங்கியது. எனவே, "அரசே ஓகே சொல்லிடுச்சு" என்று யாராவது சொன்னால் அது பாதிக் கதை.

சட்டம் வெளிப்படையாக ஏற்கும் வீட்டுக் கல்வி ஒன்று உண்டு. பல்வகைக் குறைபாடு அல்லது கடும் குறைபாடு உள்ள பிள்ளைகள் வீட்டில் இருந்தே கல்வி பெறலாம் என்று 2012-ல் வந்த திருத்தம் சொல்கிறது. தமிழ்நாட்டில் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் சிறப்புப் பயிற்றுநர்கள் இந்தப் பிள்ளைகளின் வீட்டுக்கே வருகிறார்கள். இது பள்ளிப் பதிவோடு இணைந்த ஏற்பாடு. பெற்றோர் தாமாக முடிவெடுத்துச் செய்யும் வீட்டுக் கல்வியோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

எந்த எல்லையைத் தாண்டக் கூடாது?

பெற்றோர் இரண்டு இடங்களில் கவனமாக இருக்க வேண்டும்.

முதலாவது, நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஓர் இடம் பிடித்து, ஆசிரியர் வைத்து, கட்டணம் வாங்கி தினமும் வகுப்பு நடத்த ஆரம்பிப்பது. அது அங்கீகாரம் இல்லாத பள்ளியாகப் பார்க்கப்படலாம். கல்வி உரிமைச் சட்டத்தின் 18-வது பிரிவின்படி, அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்துவோருக்கு 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். தொடர்ந்து நடத்தினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வரை கூடுதல் அபராதம். பெற்றோருக்கு இல்லாத தண்டனை, பள்ளி நடத்துபவருக்கு உண்டு.

இரண்டாவது, குடும்பக் கடையில் பிள்ளையை உட்கார வைப்பது. 2016-ல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி, 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளை குடும்பத் தொழிலில் உதவுவதென்றால்கூட அது பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் மட்டும்தான். காலை 11 மணிக்குக் கல்லாவில் இருக்கும் பிள்ளையைக் காட்டி "வாழ்க்கைக் கல்வி" என்று சொன்னால் எந்த அதிகாரியும் ஏற்க மாட்டார்.

பள்ளியிலிருந்து நிறுத்தும்போது என்ன செய்ய வேண்டும்?

ஏற்கெனவே பள்ளியில் படித்த பிள்ளை என்றால், சும்மா நின்றுவிடுவதுதான் பெரிய தவறு. வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கும், பிள்ளை இருக்காது. இடைநின்றவர் பட்டியலில் பெயர் ஏறிவிடும். முறையாக விண்ணப்பித்து மாற்றுச் சான்றிதழ் வாங்க வேண்டும். மதிப்பெண் பட்டியல்களையும் படிப்புச் சான்றையும் அப்போதே கேட்டுப் பெறுவது நல்லது. 'எமிஸ்' எனப்படும் கல்வி மேலாண்மைத் தகவல் மையத்தின் மாணவர் எண்ணையும் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். டி.சி. கொடுத்ததும் பள்ளி அந்தப் பிள்ளையின் பெயரை எமிஸ் பொதுத் தொகுப்புக்கு மாற்றிவிடும். பிறகு எந்தப் பள்ளியில் சேர்ந்தாலும் இந்த எண்ணை வைத்துத்தான் பழைய பதிவை எடுப்பார்கள்.

பொதுத் தொகுப்பில் பெயர் இருக்கும் வரை, "உங்க பையன் எங்க சேர்ந்திருக்கான்?" என்று போன் வரும், ஆளும் வருவார்கள். அது அவர்களுடைய வேலை. மழுப்பாமல், வீட்டில் படிக்கிறான் என்று சொல்லி, பாடக் குறிப்புகளைக் காட்டுவதே நல்லது.

பிறப்புச் சான்றிதழ் ஏன் இவ்வளவு முக்கியம்?

பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு டி.சி.யே பல இடங்களில் வயதுச் சான்றாக உதவும். வீட்டில் படிக்கும் பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ்தான் எல்லாம். 2023 அக்டோபர் 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை உள்ளிட்ட பல தேவைகளுக்குப் பிறப்புச் சான்றிதழே பிறந்த தேதிக்கான ஆவணம் என்று சட்டமே சொல்லிவிட்டது.

அதில் பிள்ளையின் பெயர் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மருத்துவமனையில் பிறப்பைப் பதிந்தபோது பெயர் வைக்காததால் அந்த இடம் காலியாகவே கிடக்கும் சான்றிதழ்கள் ஏராளம். பதிவு செய்த ஓராண்டுக்குள் கட்டணம் இல்லாமலும், அதன் பிறகு 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணம் செலுத்தியும் பெயரைச் சேர்க்கலாம். ஆதாரில் இருக்கும் எழுத்துகளும் முன்னெழுத்தும் பிறப்புச் சான்றிதழோடு ஒத்துப்போக வேண்டும். பத்தாம் வகுப்பு விண்ணப்பத்தில் எந்தப் பெயர் போகிறதோ, அதுதான் ஆயுசுக்கும் நிற்கும்.

சாதிச் சான்றிதழையும் தள்ளிப்போடக் கூடாது. விண்ணப்பிக்கும்போது பெரும்பாலும் பிள்ளையின் டி.சி.யைக் கேட்பார்கள். அது இல்லாத நிலையில் தந்தை அல்லது தாயின் சாதிச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், குடும்ப அட்டை ஆகியவற்றைக் கொண்டு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, கிராம நிர்வாக அலுவலரிடம் நிலைமையை விளக்க வேண்டியிருக்கும். கவுன்சலிங் நேரத்தில் ஓடுவதைவிட, பிள்ளைக்குப் பத்து வயது இருக்கும்போதே முடித்துவிடலாம்.

வீட்டில் என்னென்ன பதிவுகள் வைத்திருக்க வேண்டும்?

வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு இன்னின்ன பதிவேடுகள் வேண்டும் என்று இந்தியாவில் எந்தச் சட்டமும் பட்டியல் போடவில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் நிலைமை வேறு. அங்கே ஆண்டுக்கு 180 நாள் பாடம் நடந்ததற்கான குறிப்பேடு, படித்த நூல்களின் பட்டியல், பிள்ளை செய்த பயிற்சிகளின் தொகுப்பு, தகுதியுள்ள ஒருவரின் ஆண்டு மதிப்பீடு எல்லாம் கட்டாயம். இங்கே யாரும் கேட்பதில்லை என்றாலும், அந்த நான்கையும் மாதிரியாக எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு கல்வியாண்டுக்கு ஒரு கோப்பு போதும்.

• மாதம் ஒரு பக்கம்: எந்தப் பாடம், எந்த அளவு, எந்தப் புத்தகம். தேதி கட்டாயம்.

• தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் ஒவ்வொன்றிலும் பருவத்துக்கு இரண்டு மூன்று பயிற்சித் தாள்கள். நன்றாக எழுதியதை மட்டும் வைக்காமல், தப்பு விட்டுத் திருத்தியதையும் வைத்தால்தான் வளர்ச்சி தெரியும்.

• ஆண்டுக்கு ஒரு முறை, அந்த வயதுக்குரிய வகுப்பின் பாடநூலிலிருந்து ஒரு தேர்வு. தமிழ்நாடு அரசுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. தெரிந்த ஆசிரியர் ஒருவர் திருத்திக் கையெழுத்திட்டால் நல்லது.

• பாட்டு, விளையாட்டு, கணினி போன்ற வெளி வகுப்புகளின் ரசீது, சான்றிதழ், நூலக உறுப்பினர் அட்டை.

• தடுப்பூசி அட்டை, மருத்துவக் குறிப்புகள்.

இந்தக் கோப்பு எந்தத் தேர்வுக்கும் ஈடாகாது. ஆனால் கணக்கெடுப்புக்கு வருபவருக்கும், பிள்ளையைப் பள்ளியில் மீண்டும் சேர்க்கும்போது தலைமையாசிரியருக்கும் இதைவிடத் தெளிவான பதில் கிடையாது.

அரசுச் சான்றிதழுக்கு என்ன வழி?

வீட்டில் அம்மாவோ அப்பாவோ போடும் மதிப்பெண்ணுக்கு வெளியே மதிப்பில்லை. சான்றிதழுக்குத் தேர்வு எழுதியே ஆக வேண்டும்.

தமிழ்நாட்டில் முதல் படி, அரசுத் தேர்வுகள் இயக்ககம் தனித்தேர்வர்களுக்காக நடத்தும் எட்டாம் வகுப்புத் தேர்வு. பன்னிரண்டரை வயது பூர்த்தியானவர்கள் எழுதலாம். பள்ளிக்கே போகாத பிள்ளையின் கைக்கு வரும் முதல் அரசுச் சான்று இதுவாக இருக்கக்கூடும். அடுத்தது பதினான்கரை வயதில் தனித்தேர்வராக எழுதும் பத்தாம் வகுப்பு. இதில் பலர் கோட்டை விடும் இடம் அறிவியல் செய்முறை. தனித்தேர்வர் முன்கூட்டியே பதிவு செய்து, ஒதுக்கப்படும் பள்ளியில் செய்முறைப் பயிற்சி எடுத்திருக்க வேண்டும். இந்தப் பதிவு தேர்வு விண்ணப்பத்துக்குப் பல மாதங்கள் முன்பே முடிந்துவிடும். "எக்ஸாம் அப்ளிகேஷன் வந்ததும் பாத்துக்கலாம்" என்று இருந்தால் ஓராண்டு போய்விடும்.

இன்னொரு வழி, மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழ் 1989-ல் தொடங்கப்பட்ட தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் (என்.ஐ.ஓ.எஸ்.). பத்தாம் வகுப்புக்குக் குறைந்தபட்ச வயது 14. எட்டாம் வகுப்புச் சான்று இல்லாவிட்டாலும், பாடத்தைத் தொடரும் திறன் இருக்கிறது என்ற சுய உறுதிமொழியோடு சேரலாம். ஐந்து பாடங்களில் தேர்ச்சி வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறை பொதுத்தேர்வு. ஒரே தடவையில் எல்லாப் பாடத்தையும் எழுத வேண்டியதில்லை. சேர்க்கை ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். ஆனால் பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் இடையே இரண்டு ஆண்டு இடைவெளி தேவை என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கேம்பிரிட்ஜ் போன்ற வெளிநாட்டுத் தேர்வுகளைத் தனித்தேர்வராக எழுதும் வழியும் உண்டு. பாடத்துக்குப் பாடம் கட்டணம் என்பதால் செலவு அதிகம்.

எதை இழக்க நேரிடும்?

வீட்டுக் கல்வி பற்றிய பேச்சில் பெரும்பாலும் வெளியே வராத பகுதி இது. தமிழ்நாட்டில் பல சலுகைகள் 'எங்கே படித்தாய்' என்பதை வைத்தே கிடைக்கின்றன. மருத்துவப் படிப்பில் 2020-லும், பொறியியல் உள்ளிட்ட படிப்புகளில் 2021-லும் வந்த 7.5 சதவீத உள்ஒதுக்கீடு, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களுக்கும் 6 முதல் 12 வரையிலான பள்ளிப் படிப்புதான் அடிப்படை. அரசுப் பணியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத முன்னுரிமைக்கு, 2020 திருத்தத்துக்குப் பிறகு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். அதற்கு அந்தந்தப் பள்ளியின் சான்று தேவை. வீட்டில் தமிழிலேயே படித்த பிள்ளைக்கு அந்தச் சான்றைத் தர ஆள் இல்லை.

பொறியியல் கவுன்சலிங்கில், 8 முதல் 12 வரை தமிழ்நாட்டில் படித்ததைக் காட்ட முடியாதவரிடம் இருப்பிடச் சான்றிதழ் கேட்பார்கள். இது வருவாய்த் துறையில் வாங்கக்கூடியதுதான். முன்கூட்டியே வாங்கிவைத்தால் சிக்கல் இல்லை.

வசதியான குடும்பத்துக்கு இவை பெரிய இழப்பாகத் தெரியாமல் போகலாம். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகவிருக்கும் பிள்ளைக்கு இவைதான் ஏணி. முடிவெடுப்பது பெற்றோர், விலை கொடுப்பது 18 வயதில் அந்தப் பிள்ளை. அதனால் இந்தக் கணக்கை முதலிலேயே போட்டுப் பார்க்க வேண்டும்.

மறுபடி பள்ளியில் சேர்க்க முடியுமா?

முடியும். கல்வி உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவு, பள்ளியில் சேராத பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்கிறது; மற்ற பிள்ளைகளோடு ஈடுகொடுக்கச் சிறப்புப் பயிற்சி பெறும் உரிமையும் உண்டு. பத்து வயதுப் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் உட்கார வைக்க முடியாது. டி.சி. இல்லை, வயதுச் சான்று இல்லை என்று காரணம் காட்டித் திருப்பி அனுப்பவும் கூடாது. சேர்க்கைக் காலம் முடிந்துவிட்டது என்பதும் காரணம் ஆகாது. ஆனால் இந்தப் பாதுகாப்பு 6 முதல் 14 வயது வரை தொடக்கக் கல்விக்குத்தான். ஒன்பதாம் வகுப்பிலிருந்து பள்ளிகள் ஆவணம் கேட்கும்.

ஆகவே வீட்டில் படிக்க வைக்கும் பெற்றோர் ஆண்டுக்கு ஒரு முறை, மே மாதத்தில், பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கோப்பைத் திறந்து பார்ப்பது நல்லது. 'பள்ளிக்குப் போகணுமா' என்று அப்போது கேட்க வேண்டும். பதில் 'ஆமா' என்றால், 14 வயதுக்குள் அந்தக் கதவு திறந்தே இருக்கிறது.