எதைப் பேசுவது? எதை அனுப்புவது?

மதுரையின் மாட்டுத்தாவணி என்றதும் உங்களுக்குப் பேருந்து நிலையம்தான் நினைவுக்கு வரும். தென் மாவட்டங்களிலிருந்து வரும் பேருந்துகளில் நாள்தோறும் நோயாளிகள் பலர் இங்கே வந்து இறங்குகிறார்கள். பார்வை மங்கிய முதியவர் ஒருவர் வருவதாக வைத்துக்கொள்வோம். தனியே வர முடியாது. துணைக்கு ஒருவர் வேண்டும். இருவருக்கும் பேருந்துச் செலவு. துணைக்கு வந்தவருக்கு ஒரு நாள் கூலி நட்டம். கண்ணைச் சோதித்த மருத்துவர், "கண்ணாடி போட்டால் போதும்" என்கிறார். இதைக் கேட்கவா இவ்வளவு தூரம்?

செலவுக்கு அஞ்சி வராமலே இருந்துவிடுபவர்களின் நிலை இன்னும் மோசம். கண்புரையால் மங்கிய பார்வையை அறுவை சிகிச்சையால் மீட்கலாம். ஆனால் கண்ணழுத்த நோயால் இழந்த பார்வை திரும்பாது. காலத்தில் கண்டுபிடிப்பது ஒன்றே வழி.

மாட்டுத்தாவணிக்குச் சிறிது தொலைவில், அண்ணா நகரில், அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976ஆம் ஆண்டில் 11 படுக்கைகளோடு தொடங்கியது இது. இந்நிறுவனம் ஊர்ப்புறங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட சிறு பார்வை மையங்களை நடத்துகிறது. அங்கே மருத்துவர் இல்லை. பயிற்சி பெற்ற ஊழியர் கண்ணைச் சோதித்து, விவரங்களைக் கணிப்பொறியில் பதிவு செய்கிறார். தொலைவிலுள்ள மருத்துவர் அவற்றைப் பார்த்துவிட்டு, நோயாளியிடம் காணொலியில் பேசுகிறார்.

இப்படித் தொலைவில் இருந்துகொண்டு சேர்ந்து வேலை செய்பவர்களுக்கு எந்த மென்பொருள் ஏற்றது? "எது நல்லது?" என்று கேட்டால் விடை கிடைக்காது. "எந்த வேலைக்கு?" என்று கேட்க வேண்டும்.

இரண்டு வேலைகள்

பார்வை மையத்தில் நடப்பவை இரண்டு. ஒன்று, கண்ணின் படத்தை மருத்துவருக்குக் காட்டுவது. மற்றொன்று, மருத்துவரும் நோயாளியும் பேசிக்கொள்வது. இரண்டுக்கும் தேவை வேறு வேறு. ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

அகலத்தில் 640, உயரத்தில் 480 புள்ளிகள் கொண்ட காணொலியை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 3,07,200 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் குறிக்க 24 பிட்கள். விநாடிக்கு 25 படங்கள். எல்லாவற்றையும் பெருக்கினால் விநாடிக்கு 18 கோடியே 43 லட்சம் பிட்கள்! நம் இணைப்பில் விநாடிக்கு 10 லட்சம் பிட்கள்தான் செல்லும் என்றால் என்ன செய்வது?

மென்பொருள் ஒரு தந்திரம் செய்கிறது. முந்திய படத்துக்கும் இந்தப் படத்துக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் அனுப்புகிறது. பின்னால் உள்ள சுவர் அசைவதில்லை அல்லவா? அதை மீண்டும் மீண்டும் அனுப்ப வேண்டியதில்லை. இதுவும் போதாதபோது நுண்ணிய விவரங்களைக் கைவிடுகிறது. வழியில் ஒரு துணுக்குத் தொலைந்தால் பெரும்பாலும் அதற்காகக் காத்திருப்பதில்லை. காலம் தாழ்த்தி வரும் சொல்லால் உரையாடலுக்குப் பயனில்லை.

பேசுவதற்கு இது பொருந்தும். முகம் சற்று மங்கலாகத் தெரிந்தாலும் குற்றமில்லை. ஆனால் விழித்திரையில் ஊசிமுனை அளவே உள்ள இரத்தக் கசிவு இந்த மங்கலில் மறைந்துபோகலாம்!

படத்தைச் செய்தியாக அனுப்பும்போது கதை வேறு. 3 மெகாபைட் படம் என்பது 2 கோடியே 40 லட்சம் பிட்கள். அதே இணைப்பில் போய்ச்சேர 24 விநாடிகள் ஆகும். தொலைந்த துணுக்குகளை மறுபடியும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். தாமதமானாலும் படம் முழுதாக வந்துசேரும். படத்தைச் சுருக்காமல் அனுப்ப அந்த மென்பொருள் இடம் தருகிறதா என்பதை மட்டும் முதலில் பார்த்துவிட வேண்டும்.

ஆகவே, படத்தை அனுப்ப வேண்டும்; ஆறுதலையும் அறிவுரையையும் பேச வேண்டும். இந்திய அரசு 2020 மார்ச் மாதம் வெளியிட்ட தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகளும் காணொலி, குரல், எழுத்து மூன்றுக்கும் தனித்தனியே நிறைகுறைகளைச் சொல்கின்றன.

தேனியில் கிடைத்த பாடம்

மென்பொருள் எவ்வளவு சிறந்ததானாலும் அதன் அடியில் பாதை வேண்டும். 2000ஆம் ஆண்டுகளின் நடுவில், தேனியிலுள்ள அரவிந்த் மருத்துவமனையை ஆண்டிப்பட்டி போன்ற ஊர்களின் பார்வை மையங்களோடு இணைக்க அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முயன்றார்கள். வீட்டில் பயன்படும் வைஃபை கருவிகளையே உயர்ந்த கோபுரங்களில் ஏற்றி, கிலோமீட்டர் கணக்கில் எட்டச் செய்தார்கள்.

ஒரு சிக்கல் எழுந்தது. வைஃபை ஒவ்வொரு துணுக்கையும் அனுப்பிவிட்டு, "கிடைத்தது" என்ற பதிலுக்காகக் காத்திருக்கும். வீட்டுக்குள் பதில் உடனே வந்துவிடும். 15 கிலோமீட்டர் போய்த் திரும்ப ரேடியோ அலைக்கு 100 மைக்ரோ விநாடி ஆகும். அதற்குள் பொறுமையிழந்த கருவி, துணுக்குத் தொலைந்ததென்று எண்ணி மறுபடியும் அனுப்பும். பாதை நெரிசலாகிவிடும்! ஆய்வாளர்கள் விதியை மாற்றினார்கள். இரு முனைகளும் முறைவைத்து அனுப்ப வேண்டும். பல துணுக்குகளுக்குச் சேர்த்து ஒரே பதில் தர வேண்டும். வேகம் உயர்ந்தது.

ஆனாலும் கருவிகள் அடிக்கடி பழுதாயின. ஆராய்ந்தபோது பெரும் காரணமாகத் தெரிந்தது ஏறி இறங்கும் மின்சாரம்! மின்னழுத்தத்தைச் சீராக்கும் கருவிகளைப் பொருத்தினார்கள். சிறு பழுதுகளை உள்ளூர் ஊழியர்களே நீக்கப் பயிற்சி தந்தார்கள்.

துண்டுக்குள் ஒரு பேரம்

தாவணி என்ற சொல்லுக்குக் கால்நடைச் சந்தை என்று பொருள். மாட்டுச் சந்தைகளில் தரகர்கள் கைமேல் துண்டைப் போட்டு மறைத்து, விரல்களைத் தொட்டு விலை பேசுவது வழக்கம். சுற்றி நூறு பேர் நின்றாலும் விலை இருவருக்குத்தான் தெரியும்.

நோயாளியின் விவரமும் அப்படித்தான் காக்கப்பட வேண்டும். மென்பொருள்கள் செய்தியைச் சங்கேதமாக்கிப் பூட்டுகின்றன. பூட்டு இரு முனைகளில் மட்டும் திறக்கிறதா, நடுவிலுள்ள நிறுவனத்தின் கணிப்பொறியிலும் திறக்கிறதா என்று கேட்க வேண்டும். வாட்ஸ்அப் 2016இல் முனைக்கு முனை பூட்டும் முறைக்கு முழுதும் மாறியது. ஜூம் 2020இல் அதை விரும்புவோருக்கு வழங்கியது. ஆனால் இம்முறையில் நிறுவனத்தின் கணிப்பொறியில் கூட்டத்தைப் பதிவுசெய்து வைக்க இயலாது. இங்கும் ஒன்றைப் பெற மற்றொன்றை விட வேண்டியிருக்கிறது.

இன்னொரு கேள்வியும் உண்டு. 2003இல் தொடங்கி உலகமெங்கும் பரவிய ஸ்கைப் 2025 மே மாதத்தில் மூடப்பட்டது. ஒரு மென்பொருள் மறைந்தால் அதிலுள்ள பதிவுகளை வெளியே எடுக்க முடியுமா?

நீங்களே சோதியுங்கள்

ஒருவர் பேசியது மற்றவர் காதில் விழ 150 மில்லி விநாடிக்கு மேல் ஆகாமல் இருப்பது நல்லது என்று பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் பரிந்துரைத்திருக்கிறது. இதைவிடத் தாமதம் மிகுந்தால் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, இருவரும் நிறுத்திக்கொள்வார்கள்.

இதை அளக்க ஒரு கடிகாரம் போதும். நண்பரோடு நேரில் அமர்ந்து, நீங்கள் ஒன்று, அவர் இரண்டு என்று மாறி மாறி 41 வரை எண்ணுங்கள். ஆன நேரத்தைக் குறியுங்கள். பிறகு காணொலி அழைப்பில் அதே வேகத்தில் எண்ணுங்கள். கூடுதலான நேரத்தை 40ஆல் வகுத்தால், குரல் ஒரு பக்கம் செல்ல ஆகும் சராசரித் தாமதம் கிடைக்கும். நேரில் 20 விநாடி, அழைப்பில் 28 விநாடி என்றால், 8ஐ 40ஆல் வகுக்க 0.2 விநாடி, அதாவது 200 மில்லி விநாடி. வரம்பைத் தாண்டிவிட்டது!

வீட்டிலுள்ள இரண்டு மூன்று மென்பொருள்களில், காலையிலும் இரவிலும் செய்து பாருங்கள். ஒரே மென்பொருள் நேரத்துக்கு நேரம் வேறு விடை தரக்கூடும். விளம்பரத்தை நம்பாமல், வேலை நடக்கும் இடத்தில், வேலை நடக்கும் நேரத்தில் அளந்து பார்த்தபிறகே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அப்போது உங்களுக்கே விளங்கும்.