தோட்டப்புறப் புழங்குபொருள்கள்: தொகுத்தலும் படித்தறிதலும்

முன்னுரை

மக்கள் அன்றாட வாழ்வில் எடுத்தாளும் கருவிகள், கலன்கள், அளவைகள் முதலியவற்றை நாட்டார் வழக்காற்றியலார் புழங்குபொருள்கள் என வழங்குவர். கல்வெட்டுகளும் செப்பேடுகளும் பெரும்பாலும் ஆள்வோரின் செய்தியைக் கூறுவன. எழுதிவைக்காத மக்களின் வாழ்வைக் கூறுவதில் புழங்குபொருள்களுக்குத் தனியிடம் உண்டு. மலேசியத் தமிழரின் தோட்டப்புற வாழ்வுக்கு இக்கருத்து மிகவும் பொருந்தும். தோட்டப் பதிவேட்டில் தொழிலாளி ஒரு பெயராகவும் ஒரு நாட்கூலியாகவுமே பெரிதும் காணப்படுகிறார். அவர் வாழ்ந்த விதத்தை அவர் கைபட்ட பொருள்களில் காணலாம். அவற்றைத் தொகுத்துப் படித்தறியும் முறையை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

பின்புலம்

1877ஆம் ஆண்டில் கியூ தாவரவியல் பூங்காவிலிருந்து ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. மரத்திற்கு ஊறு நேராமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைச் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ரிட்லி 1890களில் செம்மைப்படுத்தினார். தோட்டங்கள் பெருகவே, தமிழ்த் தொழிலாளர் கங்காணி முறையில் பெருந்திரளாக வந்தனர். 1938இல் இந்திய அரசு விதித்த தடையால் அவ்வரவு நின்றது. பிற்காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைத் தோட்டங்களாகவும் குடியிருப்புகளாகவும் மாறின. லயன் வீடுகள் இடிக்கப்பட்டபோது அவற்றிலிருந்த பொருள்களும் பழைய இரும்புக் கடைகளுக்கும் குப்பைமேட்டிற்கும் சென்றன.

தொழிற்கருவிகள்

பால்வெட்டுக் கத்தியை முதலில் நோக்கலாம். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்பதால் விடியுமுன்பே வெட்டு தொடங்கும். பட்டையை ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர் அளவே சீவ வேண்டும். ஆழம் மிகுந்தால் மரம் காயப்படும். குறைந்தால் பால் குறையும். அரையிருளில் நூற்றுக்கணக்கான மரங்களில் இந்நுட்பத்தைக் காத்தவரைத் திறனற்ற கூலியாள் எனக் கருதுவது எத்துணைத் தவறு என்பதை அக்கத்தியின் வளைந்த அலகே எடுத்துரைக்கும். பலமுறை தீட்டித் தேய்ந்த அலகு, புதிய அலகைவிட ஆய்வாளருக்கு மிகுதியான செய்தி தருவதாகும்.

அடுத்து, பால் சுமக்கும் தோள்கம்பு. தமிழில் இருமுனையிலும் சுமை தொங்கும் கம்பைக் காவடி என்பர். தோட்டத் தமிழிலோ அது 'காண்டா' எனப்பட்டது. தோளில் சுமத்தலைக் குறிக்கும் மலாய்ச் சொல் 'கண்டார்'. பினாங்கின் 'நாசி கண்டார்' என்னும் உணவுப் பெயரும் அதனடியாகப் பிறந்ததே. பால் வடியும் கிண்ணத்தை 'மங்கு' என்றதும் 'மங்குக்' என்னும் மலாய்ச் சொல்லோடு ஒப்புநோக்கத்தக்கது. எனவே பொருளோடு அதன் பெயரையும் சேர்த்தே தொகுத்தல் வேண்டும்; பெயரை இழந்த பொருள் பாதிச் சான்றேயாகும்.

வீட்டுப் பொருள்கள்

பெயர் வெட்டிய பித்தளைப் பாத்திரங்கள் தமிழ்க் குடும்பங்களில் திருமணச் சீராக வழங்கப்பட்டவை. அவற்றில் பெயர், ஊர், ஆண்டு ஆகியவை பொறிக்கப்பட்டிருப்பின் அவை ஒரு குடும்பத்தின் சிறு ஆவணமாகின்றன. பளபளப்புக்காகப் புளியிட்டு ஓயாமல் தேய்த்தால் அவ்வெழுத்துகள் மங்கிவிடும் என்பதைத் தொகுப்பாளர் நினைவிற்கொள்ள வேண்டும். 'கட்டி' கணக்கில் நிறுத்த நிறைகோலும் அத்தகையதே. ஒரு கட்டி ஏறத்தாழ 605 கிராம். 1972ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டத்திற்குப்பின் மெட்ரிக் முறை நிலைபெற்றமையால் அது வழக்கொழிந்தது. ஜப்பானிய ஆட்சியில் (1942-1945) வழங்கிய, வாழைமரம் அச்சிட்ட பத்து வெள்ளித் தாள்கள் சில குடும்பங்களில் இன்றும் உள்ளன. போர் முடிந்ததும் மதிப்பிழந்த அத்தாள்களில் உழைத்தோரின் சேமிப்பு ஒரு நாளில் வெறும் தாளான துயரத்தைப் படிக்கலாம்.

தொகுக்கும் முறை

ஒரு பொருளைப் பெறும்போது ஐந்து செய்திகளைப் பதிதல் இன்றியமையாதது: பெயர், பயன்படுத்தியவர், இடம், காலம், பயன்படுத்திய முறை. கறையும் உடைசலும் பயன்பாட்டின் சான்றுகளாதலால் அவற்றைச் செப்பனிடலாகாது. இரும்புப் பொருள்களை ஈரமற்ற இடத்தில் வைத்தல் வேண்டும். உரிமையாளர் தர விரும்பாதவற்றைப் படமெடுத்து, அவர் நினைவுகளை ஒலிப்பதிவு செய்தலே போதுமானது. பொருளைப் பறித்து நினைவை விட்டுவரும் தொகுப்பினும் நினைவைப் பெற்றுப் பொருளை விட்டுவரும் தொகுப்பே மேலானது.

முடிவுரை

சிங்கப்பூரில் 2015இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையம் இத்தகைய பொருள்களுக்கு ஓர் இல்லமாக விளங்குகிறது. ஆயினும் எல்லாப் பொருளும் அருங்காட்சியகத்தை அடைவதில்லை. தமிழாசிரியர்கள், மாணவர் ஒவ்வொருவரும் தம் பாட்டியிடம் ஒரு பொருளைப் பற்றி மேற்கூறிய ஐந்தையும் கேட்டு எழுதிவரச் செய்யலாம். பொருள்கள் மேலும் சில காலம் நிலைக்கக்கூடும். அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்தவர்களோ அருகி வருகின்றனர். ஆதலின் கேட்க வேண்டியதை இப்போதே கேட்டல் நம் கடமையாகும்.