ஆஸ்டியோபதிக் கல்லூரியின் நேர்முகத் தேர்வு

வெளிமாநிலங்களில் வாழும் நம் அன்பர்களுக்கு, வைத்தியக் கல்லூரி என்றவுடன் நீட் மதிப்பெண்ணும் கலந்தாய்வுமே நினைவுக்கு வரும். மாணவனின் முகத்தை நோக்கி ஒரு வினா விடுப்பார் அங்கே இல்லை. ஐக்கிய அமெரிக்காவிலோ, எம்கேட் என்னும் நுழைவுத் தேர்வு வாயில்வரை கொண்டு சேர்க்கும்; உள்ளே புகுவதற்கு நேர்முகத் தேர்வும் வேண்டும். ஆஸ்டியோபதிக் கல்லூரியாயின், அங்கே பெரும்பாலும் எழும் வினா ஒன்றுண்டு: ‘எம்.டி. பட்டம் இருக்க, டி.ஓ. பட்டத்தை நாடி வந்தது ஏன்?’

இவ்வினாவின் கூர்மையை உணரச் சிறிது வரலாறு வேண்டும். ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்னும் வைத்தியர், 1864-இல் தம் இல்லத்துக் குழந்தைகள் மூவரை மூளைக்காய்ச்சலுக்குப் பறிகொடுத்தார். அக்கால மருந்துகளில் நம்பிக்கை இழந்த அவர், உடலின் அமைப்பும் இயக்கமும் ஒன்றையொன்று சார்ந்தவை, குணமாகும் ஆற்றல் உடலிலேயே உண்டு என்னும் கொள்கையை 1874-இல் வெளியிட்டு, 1892-இல் மிசௌரி மாநிலத்துக் கர்க்ஸ்வில் நகரில் முதற் கல்லூரியை நிறுவினார். ஏனைய வைத்தியர்கள் இவ்வழியினரை நெடுங்காலம் சமமாக மதித்தாரில்லை. கலிபோர்னியாவில் 1962-இல் நிகழ்ந்தது விசித்திரமானது. அங்கே ஏறத்தாழ 2,000 டி.ஓ. வைத்தியர்கள், 65 டாலர் கட்டணம் செலுத்தி எம்.டி.களாக மாறினர், புதிய டி.ஓ.களுக்கு உரிமம் வழங்குவதும் நின்றது. 1974-இல் அம்மாநில உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பினால்தான் அது மீண்டது. இங்ஙனம் மறைந்துபோக இருந்த மரபினர், தம்மை ஒருவன் இரண்டாந்தரப் புகலிடமாகக் கருதி வருகிறானோ என ஐயுறுவதில் வியப்பில்லை.

இன்று இருவர்க்கும் உரிமம் ஒன்றே. மருந்து எழுதலாம், அறுவை செய்யலாம். 2020 முதல் பட்டத்திற்குப் பிந்தைய பயிற்சியும் ஒரே அங்கீகார முறையின்கீழ் வந்துவிட்டது. (இங்கிலாந்தின் ஆஸ்டியோபத் இத்தகைய முழு வைத்தியர் அல்லர், இரண்டையும் குழப்பலாகாது.) எஞ்சும் வேறுபாடு, கையால் தசையையும் மூட்டையும் ஆய்ந்து சீர்செய்யும் கூடுதற் பயிற்சியே.

ஆதலின், ‘முழு மனிதனையும் நோக்கும் வைத்தியம்’ என மனப்பாடமாக ஒப்பிப்பது பயன்படாது. ‘எம்.டி. வைத்தியர் அவ்வாறு நோக்குவதில்லையோ?’ என்று அடுத்த வினா வரும். அதற்கு விடை இராது. டி.ஓ. வைத்தியர் ஒருவருடன் சில நாள் இருந்து, முதுகுவலியால் வந்த நோயாளியை அவர் எவ்வாறு தொட்டு ஆராய்ந்தார் என்று கண்டு சொல்பவனுடைய விடையே நிற்கும். எம்.டி. கல்லூரிகளுக்கும் விண்ணப்பித்ததுண்டா என வினவினால், உண்மையை மறைக்க வேண்டா. அவ்வாறு செய்வோர் பலர் என்பதை அவர்களும் அறிவர். கைமுறைச் சிகிச்சைகள் யாவற்றிற்கும் ஒரே வலுவுள்ள சான்று இல்லை என்பதையும் அடக்கத்துடன் கூறலாம். குருட்டுப் பக்தியினும் அஃது மேலென்பது நம் கருத்து.

சில கல்லூரிகளில் ஆசிரியர் இருவர் மூவர் அமர்ந்து உரையாடுவர். வேறு சிலவற்றில், கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் தோன்றிய முறைப்படி, அறைக்கு அறை சென்று, கதவில் ஒட்டிய சிக்கலைப் படித்து, சில நிமிஷங்களில் விடையளிக்க வேண்டும். 2020-க்குப் பின் காணொளி வாயிலாகவும் நடத்துகின்றனர்.

நம்மவர் முதலில் விசாரிக்க வேண்டியது வேறு. அயல்நாட்டுக் குடிகளை ஏற்காத கல்லூரிகள் பல; ஏற்பவற்றுள்ளும் பல, அமெரிக்கக் கல்லூரியில் முன்னரே பயின்றிருக்க வேண்டும் என்பன. விண்ணப்பக் கட்டணத்தைச் செலுத்துமுன் இதனை எழுதிக் கேட்டல் நன்று.

முடிவில், ‘எம்மிடம் கேட்பதற்கு ஏதேனும் உண்டா?’ என்பர். இக்கல்லூரிகள் பலவற்றிற்குச் சொந்த ஆஸ்பத்திரி இல்லை. மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவர் தொலைவிலுள்ள ஊர்களில் பயில நேரும். அவ்விரண்டு ஆண்டுகளும் எந்த ஊரில், எந்த ஆஸ்பத்திரியில் என்று அப்பொழுதே கேட்டுவிடலாம்.