மறைமாவட்டம்: ஆண்டுகளை இணை சேர்த்துப் படிப்போம்

மாணவர்களே, மறைமாவட்டம் என்றதும் 'பெரிய தேவாலயம்' என்று எழுதிடாதீங்க. அது ஒரு நிலப்பரப்பு. அதிலுள்ள எல்லாப் பங்குகளும் ஓர் ஆயரின் பொறுப்பில் இருக்கும்.

சிங்கப்பூர் ஆங்கிலிக்கன் மறைமாவட்டத்தையே எடுத்துக்குவோம். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகியவை பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து ஆளப்பட்டபோது, இங்குள்ள ஆங்கிலிக்கன் தேவாலயங்கள் கல்கத்தா ஆயரின்கீழ் இருந்தன. 1867இல் ஆட்சி லண்டனின் நேரடிப் பொறுப்புக்குப் போனது. 1869இல் தேவாலயங்கள் லபுவான் ஆயரிடம் வந்தன. 1957இல் மலாயா விடுதலை பெற்றது. 1960இல் மறைமாவட்டத்தின் பெயர் 'சிங்கப்பூர், மலாயா' என்றானது. 1965இல் சிங்கப்பூர் தனி நாடானது. 1970இல் மேற்கு மலேசியா தனி மறைமாவட்டமாகப் பிரிந்தது.

கவனிச்சீங்களா? முதலில் நாட்டு எல்லை மாறுது. சில ஆண்டுகளில் திருச்சபை எல்லையோ பெயரோ மாறுது. சிங்கப்பூர் தனி மறைமாவட்டமான 1909 மட்டும் இந்த இணைகளில் சேராது.

இனி அமைப்பு. பங்கைக் குருவானவர் நடத்துவார். மறைமாவட்டத்தை ஆயர் வழிநடத்துவார். குருமாரும் சபை மக்களின் பேராளர்களும் சினோடு எனும் பேரவையில் கூடி முடிவெடுப்பார்கள். 1996இல் குச்சிங், சபா, சிங்கப்பூர், மேற்கு மலேசியா ஆகிய நான்கு மறைமாவட்டங்களும் தென்கிழக்காசியத் திருச்சபை மாநிலமாக இணைந்தன. அதுவரை அவை கேண்டர்பரி பேராயரின் மேற்பார்வையில் இருந்தன. அதன்பின் இவ்வட்டாரத்துக்கே ஒரு பேராயர் வந்தார்.

ஆசிரியர்களே, இந்த ஆண்டுகளை வரிசையாக மனப்பாடம் செய்ய விடாமல், இரண்டிரண்டாகக் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்க. 'ஏன் மாறியது?' என்ற கேள்விக்கு மாணவர்களே பதில் சொல்லிடுவாங்க.